வியாழக்கிழமை முழுக்க ஓடும் புரோகிராம்

மார்ச் 6, திங்கள்

கொசு ஒழிப்புப் பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொல்கிறார்கள். அதாவது, இன்று மதியம் வரை அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு. ‘வெக்டரைஸ்டு ஃபங்ஷன்கள்’ பற்றிய மூன்று நாள் பயிற்சிக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். சுகாதாரத் துறையில் வெக்டார் என்றால் நோயைச் சுமந்து வருவது. எங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது கொசு. ஆகவே அதிகாரி அந்தக் காகிதத்தைக் கொசு ஒழிப்புப் பிரிவுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். அவர்கள் அதைப் பத்து நாள் ஊறப்போட்டு, ‘இந்த ஆண்டுக்கான ஃபங்ஷன் ஏற்கெனவே சிறப்பாக நடத்தி முடிக்கப்பட்டது, புகைப்படங்கள் இணைப்பு’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். புகைப்படத்தில் ஒரு மேடை, ஒரு பேனர், பூங்கொத்தோடு நாலு பேர். கொசுவைக் காணோம்.

டைப்பிஸ்ட் அக்காதான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். (தட்டச்சு இயந்திரம் போய் எவ்வளவோ வருஷமாகிறது. பட்டம் மட்டும் போகவில்லை.)

“சார், இது கம்ப்யூட்டர் சமாச்சாரம். புள்ளிவிவரம்னு போட்டிருக்கு பாருங்க.”

புள்ளிவிவரம் என்றால் நான்தான். வேறு யாரும் இல்லை.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஆகட்டும், பார்க்கலாம்” என்றார். எதற்கும் அவர் அதைத்தான் சொல்வார். அவருக்குப் பெயரே ஆகட்டும் சார்.

மார்ச் 7, செவ்வாய்

“என்ன பயிற்சி?” என்று மாமியார் கேட்டார்.

“ஆர், அத்தை.”

“ஆரு?”

“ஆர்.”

“அதைத்தானே நானும் கேக்கறேன். ஆரு?”

கம்ப்யூட்டர் மொழிக்குப் பெயரே அதுதான் என்று புரியவைக்க ஒரு காபி ஆறும் நேரம் ஆனது. “பேரு வைக்கறப்பவே ஏதோ சந்தேகத்தோட வச்சிருக்காங்க” என்றார். கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் 9, வியாழன்

புரோகிராம் ஓடுகிறது. ஆகவே எழுத நேரமிருக்கிறது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் நானே தட்டுத்தடுமாறி எழுதிய புரோகிராம். ஊரில் முந்நூற்று எண்பது கிளினிக்குகள். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்று பன்னிரண்டு தொல்லைகள். இந்தக் கிளினிக்குக்கு இந்தத் தொல்லையோடு இந்த வாரம் எத்தனை பேர் வந்தார்கள், இதே பருவத்தில் வழக்கமாக எத்தனை பேர் வருவார்கள், வழக்கத்தை மிஞ்சிவிட்டதா? பழைய வருஷங்களையும் சேர்த்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும். பார்த்துவிட்டு, மிஞ்சிய இடங்களின் பட்டியலைத் தரும். வியாழன் காலை தட்டிவிட்டால் சாயங்காலம்தான் முடியும். அதுவரை கம்ப்யூட்டரை யாரும் தொடக் கூடாது.

இந்தத் ‘தொடக் கூடாது’வைச் சுற்றி ஒரு வாழ்க்கையே உருவாகிவிட்டது. ஆகட்டும் சார் வியாழன்தோறும் கதவைச் சாத்திக்கொள்வார். யார் தேடி வந்தாலும் “புரோகிராம் ஓடுது” என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். உள்ளே ஓடுவது குறட்டை. டைப்பிஸ்ட் அக்கா மதியம் பையைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டரிடம் போவார். பல வருஷமாகப் பல் டாக்டர். இத்தனை தடவை போகுமளவுக்கு யார் வாயிலும் பற்கள் கிடையாது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் பையிலிருந்து நீச்சல் கண்ணாடி கீழே விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

“நீச்சல் குளத்துல வியாழக்கிழமை மத்தியானம்தான் பொம்பளைங்களுக்குன்னு விடறாங்க” என்றார். “ஐம்பத்து மூணு வயசுல தண்ணில இறங்கறேன்னு வீட்டுல தெரிஞ்சா சிரிப்பாங்கடி.”

நான் சிரிக்கவில்லை. எனக்கும் வியாழன் வேண்டும். இல்லாவிட்டால் இதை எப்போது எழுதுவது?

மார்ச் 13, திங்கள்

பயிற்சி, முதல் நாள். பாடம் எடுப்பது ஜலதோஷம் பிடித்த ஒரு இளம்பெண். பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்.

“லூப் போடறது தப்பில்லைங்க. ஆனா என்ன பண்றீங்க? ஒவ்வொருத்தரையா பேர் சொல்லிக் கூப்பிட்டு, உட்காரவச்சு, விசாரிச்சு, அனுப்பிட்டு, அப்புறம் அடுத்தவரைக் கூப்பிடறீங்க. வெக்டார்னா ஒரு முழு வரிசை. அந்த வரிசையை அப்படியே ஃபங்ஷன்கிட்ட, அதாவது கணக்குப் போடற கட்டளைகிட்ட, ஒப்படைச்சிடுங்க. அது வரிசையாவே பதில் தரும்.”

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போக்குவரத்துத் துறைக்காரர் எல்லாருக்கும் மேலாகத் தலையாட்டினார். சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “லூப்னா என்னங்க?”

மார்ச் 15, புதன்

கடைசி நாள். நாங்கள் அனுப்பிவைத்த புரோகிராம்களில் ஒன்றை அந்த இளம்பெண் திரையில் போட்டார், பெயரை மறைத்து. என்னுடையது. வரிக்கு வரி எனக்குத் தெரியும், பெற்றவள் ஆயிற்றே.

“இங்க பாருங்க. ஒவ்வொரு பதில் வந்ததும் பட்டியலோட வால்ல ஒட்டறாங்க. ஒட்ட இடமில்லாததால கம்ப்யூட்டர் முழுப் பட்டியலையும் வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போய்தான் புதுசை வைக்கும். ஒரு விருந்தாளி வந்ததுக்கு வீட்டையே காலி பண்ணிட்டுப் புது வீட்டுக்குக் குடிபோற மாதிரி. அடுத்த விருந்தாளிக்கு மறுபடியும் லாரி. லட்சக்கணக்கான தடவை.” தும்மினார். “இதை யார் எழுதினதுன்னு கேக்க மாட்டேன்.”

எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

மார்ச் 16, வியாழன்

புரோகிராம் ஓடுகிறது. லாரி லாரியாகக் குடிபெயர்ந்துகொண்டிருக்கிறது. முன்பெல்லாம் கம்ப்யூட்டரின் அந்த விசிறிச் சத்தம் காதுக்கு இதமாக இருக்கும். இன்று பார்க்கவே பாவமாக இருந்தது.

மார்ச் 21, செவ்வாய்

மூன்று எண்களை ஒரு வரிசையாகக் கொடுத்து, இரண்டால் பெருக்கு என்றேன். மூன்றையும் பெருக்கிக் கொடுத்தது. அவ்வளவுதான். ‘ஒவ்வொன்றாக எடு’ என்று நான் சொல்லவே இல்லை.

சந்தோஷம் வரவில்லை. ஒரு மாதிரி அவமானமாக இருந்தது. அப்படியென்றால் நான் இத்தனை நாள் பக்கத்தில் நின்று ‘எடு, பெருக்கு, வை, அடுத்தது எடு’ என்று மேற்பார்வை பார்த்ததெல்லாம்? அதற்குத் தெரிந்த வேலையை அதற்கே கற்றுக்கொடுத்திருக்கிறேன். கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்க்கிறார். அவரிடம் சொன்னேன். “ஓட்டத் தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்து நான் பிரேக் மிதிச்சா எப்படி இருக்கும்? அதான்” என்றார். ஆறுதல் சொல்லுவார் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

மார்ச் 24, வெள்ளி

இன்று ஊரில் யாருக்கும் எந்த நோயும் இல்லை.

நடந்தது இது. ‘இந்த வாரம் வழக்கத்தை மிஞ்சினால் ஆபத்து என்று போடு, இல்லாவிட்டால் சும்மா இரு’ என்பதற்கு எப்போதும் போல ‘இஃப்’ போட்டேன். ஆனால் ஒரு கிளினிக்குக்குப் பதில் மொத்த வரிசையையும் அதன் கையில் கொடுத்துவிட்டேன். முடிவு: அத்தனை கிளினிக்கும் ஆரோக்கியம். கீழே சிவப்பில் ஒரு வரி. வரிசையில் முதல் ஆளை மட்டும்தான் கேட்டேன் என்று சொல்கிறது. ஆர் மொழியின் புதுப் பதிப்புகளில் இப்படிச் செய்தால் முரண்டுபிடித்து நின்றுவிடுமாம். எங்களுடையது பழசு, பணிவானது. முணுமுணுத்துவிட்டு வேலையை முடித்துவிடும்.

முதல் வரியில் இருப்பது ஏரிக்கரை பங்களாக்களின் நடுவே உள்ள கிளினிக். அங்கே தும்முவதற்கே ஆள் இல்லை. அவர்கள் நலம், ஆகவே ஊரே நலம்.

எங்கள் வீட்டில் என் கல்யாணம் நிச்சயமானதும் ஏறக்குறைய இப்படித்தான். வரிசையில் முதலில் நின்ற பெரிய மாமாவைக் கேட்டார்கள். அவருக்குச் சம்மதம்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தர ‘இஃப்எல்ஸ்’ என்று வேறு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. இரண்டும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன, குணம் வேறு. ஃபங்ஷன் வரிசையைப் புரிந்துகொள்ளுமா, முதல் ஆளோடு நின்றுவிடுமா? அதைத் தெரிந்துகொள்வதுதான் பாதிப் படிப்பு என்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் 28, செவ்வாய்

இன்னொரு பாடம். மழைக்காலத்துக்கு ஒரு வரம்பு, வெயில் காலத்துக்கு ஒரு வரம்பு. இரண்டையும் ஒரு குட்டி வரிசையாக, கிளினிக்குகளின் நீள வரிசைக்குப் பக்கத்தில் வைத்தேன். நீளம் பொருந்தவில்லையே என்று கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. குட்டியையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டது. ஒரு கிளினிக்கில் மழை, அடுத்ததில் வெயில், அதற்கடுத்ததில் மழை. நல்லவேளை, வெளியே எட்டிப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய தப்பு.

மார்ச் 31, வெள்ளி

பதினோரு நொடி.

ஏதோ உடைந்துவிட்டது என்று, மாற்றி எழுதிய புரோகிராமை மறுபடி ஓட்டினேன். பதினோரு நொடி. விசிறிகூடச் சுற்ற ஆரம்பிக்கவில்லை.

நேற்று பழைய புரோகிராம் நாள் முழுக்க ஓடித் தந்த பட்டியலைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக ஒத்துப்பார்த்தேன். ஒரு வித்தியாசம்கூட இல்லை. வித்தியாசம் இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். பாத்திரம் துடைத்துக்கொண்டே யோசித்தார். “உன் வேலை பதினோரு நொடிதான்னு வெளிய தெரிஞ்சா, உன் நாற்காலியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களே.”

ஏப்ரல் 3, திங்கள்

ஆகட்டும் சாரிடம் காட்டினேன். அவருடைய காபி ஆறுவதற்குள் பட்டியல் வந்துவிட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் யாரோ இறந்த சேதி சொன்ன மாதிரி இருந்தது.

“யாருக்காவது சொன்னீங்களா?”

“இல்ல சார்.”

“சொல்லாதீங்க.” எழுந்து கதவைச் சாத்தினார். “வாரம் ஒரு ரிப்போர்ட் கொடுக்கறோம். இது தெரிஞ்சா தினம் கேப்பாங்க. தினம் கேட்டா தினம் கேள்வி. அந்தக் கிளினிக்ல ஏன், இந்தக் கிளினிக்ல ஏன்னு. பதில் யார் சொல்றது?”

“கிளினிக்குங்க இப்ப தினமும் சாயங்காலமே கணக்கை அனுப்பிடறாங்களே சார். தினம் ஓட்டினாதான் என்ன?”

“ஆகட்டும், பார்க்கலாம்” என்றார். பிறகு, வெட்கத்தோடு என்று சொல்ல வேண்டும், கேட்டார்: “மெதுவா ஓட வைக்க ஏதாவது வழி இருக்கா?”

ஏப்ரல் 6, வியாழன்

வழி இருக்கிறது. ‘ஸ்லீப்’ என்று ஒரு ஃபங்ஷன். எத்தனை நொடி என்று சொன்னால் அத்தனை நொடியும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும். அலுவலகங்களை நினைத்தே யாரோ படைத்திருக்கிறார்கள்.

போட்டுவிட்டேன். பதினோரு நொடி வேலை, சாயங்காலம் வரை தூக்கம். கதவு சாத்தியாயிற்று, அக்கா பல் டாக்டரிடம் போயாயிற்று. எல்லாருக்கும் அவரவர் வியாழன் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒரு மாதம் உயிரைக் கொடுத்து வேகத்தைக் கற்றுக்கொண்டவள் நான். அதை மறைக்க ஒரே வரி போதுமாக இருந்தது.

ஏப்ரல் 13, வியாழன்

அக்கா ஈரத் தலையோடு திரும்பி வந்தார், கன்னமெல்லாம் சிவந்து. “இன்னிக்கு யாரும் பிடிக்காம மிதந்தேன்டி. கூரையில எத்தனை விளக்குன்னு எண்ணினேன்.” இதற்காகவாவது அந்தத் தூக்கம் இருக்கட்டும் என்று பட்டது.

ஏப்ரல் 24, திங்கள்

வேகம் கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. காலையில், தூங்கும் வரியை எடுத்துவிட்டு, ஞாயிறு வரையிலான கணக்கைத் தட்டிப் பார்த்தேன். சும்மா, ஆசைக்கு.

பட்டியலில் மூன்று கிளினிக். மூன்றும் வயிற்றுப்போக்கு. மூன்றும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரே தண்ணீர்த் தொட்டியிலிருந்து குடிப்பவை.

ஆகட்டும் சாரிடம் ஓடினேன்.

“வியாழக்கிழமை வரட்டும்.”

“சார், இதுக்குத் தண்ணிதான் காரணம் மாதிரி இருக்கு.”

“புரோகிராம் இன்னும் ஓடலையேம்மா. ஓடாத புரோகிராம்ல எப்படி ரிசல்ட் வரும்? கேட்டா என்ன சொல்வீங்க?”

என் மேஜைக்குத் திரும்பினேன். கொழுந்தன் குடிநீர்ப் பிரிவில் பொறியாளர். அவனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணி, நீங்க சொன்னா நான் நம்பறேன். ஆனா அண்ணி சொன்னாங்கன்னு சொல்லி ஒரு பகுதிக்கே தண்ணியை நிறுத்த முடியுமா? கையெழுத்தோட ஒரு காகிதம் அனுப்புங்க. ஒரு மணி நேரத்துல ஆள் இறங்கும்.”

“காகிதம் வியாழக்கிழமைதான்.”

“ஏன்?”

“புரோகிராம்... ஓடிட்டிருக்கு.”

என் வாயால் சொன்னேன். சொந்தக் கொழுந்தனிடம். சொல்லிவிட்டு வழக்கமான பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று வீட்டில் மட்டும் சொன்னேன். நாங்கள் இருப்பது ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். எங்களுக்கு வேறு தொட்டி. ச்சீ.

ஏப்ரல் 25, செவ்வாய்

 நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலையில் மறுபடி ஓட்டினேன். மூன்று, ஐந்தாகிவிட்டது. நான் திரையையே வெறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அக்கா பின்னால் வந்து நின்றார்.

“இது எங்க தெருமுனை கிளினிக் ஆச்சே. எதிர்வீட்டுக் கைக்குழந்தையை நேத்து அங்கதான் தூக்கிட்டு ஓடினாங்க. இது எப்ப வந்த கணக்கு?”

“நேத்து.”

“நேத்து வந்துச்சா? வியாழக்கிழமைதானே வரும்?”

சொல்லிவிட்டேன். பதினோரு நொடி, தூங்கும் வரி, எல்லாம். யாருடைய வியாழனுக்காக என்பதையும் சொன்னேன். அது தேவையில்லாத வார்த்தை. பழியில் பங்கு கொடுக்கப் பார்த்திருக்கிறேன், வேறென்ன.

அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஐந்து கிளினிக்கின் பெயர்களையும் அடித்தார், ‘குடிநீரை உடனே பரிசோதிக்க வேண்டும்’ என்று அடித்தார், இன்றைய தேதியைப் போட்டார். அச்சான தாளை உருவிக்கொண்டு நேரே ஆகட்டும் சார் அறைக்குள் போனார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

“கையெழுத்து போடுங்க சார்.”

“என்னம்மா இது? இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை.”

“ஆமாம் சார். செவ்வாய்க்கிழமையும் ஜனங்க தண்ணி குடிக்கறாங்க.”

“ஆகட்டும், வச்சிட்டுப் போங்க. பார்க்கலாம்.”

“பாருங்க சார். நான் நிக்கறேன்.”

நின்றார். ஆகட்டும் சார் காகிதத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதுல உங்களுக்கு என்னம்மா அவசரம்? வியாழக்கிழமை பல் டாக்டர்கிட்ட போக வேண்டாமா?”

அவருக்கும் தெரிந்திருக்கிறது. அக்கா முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சொன்னார்: “எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல சார். நான் நீச்சல் கத்துக்கப் போறேன். இனிமே போக முடியாதுன்னா போக வேணாம். நீங்க போடுங்க.”

போட்டார். பேனா எழுதவில்லை என்று ஒரு தடவை உதறினார், அவ்வளவுதான். ‘தற்காலிகமானது’ என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

கொழுந்தனுக்கு அனுப்பினேன். மதியத்துக்குள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் நின்றது. லாரியில் போயிற்று.

நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை.

ஏப்ரல் 26, புதன்

கொழுந்தன் போன் செய்தான். தொட்டிக்குப் போகும் குழாய் ஒரு சாக்கடையோடு ஒட்டிப் போகிற இடத்தில் விரிசல். “காகிதம் நாளைக்குத்தான் வரும்னு இருந்திருந்தா...” என்று இழுத்தான். முடிக்கவில்லை. முடிக்காததற்கு நன்றி.

ஏப்ரல் 29, சனி

அக்கா வீட்டு எதிர்வீட்டுக் குழந்தைக்கு டிரிப் கழற்றியாயிற்றாம். பால் குடிக்கிறதாம்.

மே 8, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பாராட்டு என்று நினைத்துப் பிரித்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு, இன்னும் புத்தி வரவில்லை.

மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்களாம். பாதிப்பு இவ்வளவு குறைவாக இருந்த இடத்தில் தண்ணீரை நிறுத்தி, லாரிகளை ஓட்டி, பொதுமக்களுக்குச் சிரமம் கொடுத்தது ஏன்? மேலும், வாராந்தர அறிக்கை செவ்வாய்க்கிழமை வந்தது எந்த விதியின்படி?

ஊரே படுத்திருந்தால் கேள்வியே வந்திருக்காது. விசாரணைக் குழு வந்திருக்கும், மரியாதையோடு.

மே 10, புதன்

ஆகட்டும் சார் இரண்டு நாள் சாப்பிடவில்லை போலிருக்கிறது. இன்று கூப்பிட்டார். “அந்த வெக்டார்னா என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

சொன்னேன். நாற்பது நிமிஷம். முதல் ஆளை மட்டும் கேட்டு ஊருக்கே பதில் சொல்லும் ‘இஃப்’ கதையைச் சொன்னபோது மட்டும் கண் விரிந்தது. “அட, நம்ம கமிட்டி மீட்டிங் மாதிரி” என்றார். மனிதர் முட்டாள் இல்லை. அதுதான் வருத்தமே.

சாயங்காலம் பதில் போயிற்று. இந்தப் பிரிவு ‘என் வழிகாட்டுதலின்கீழ்’ ஒரு அதிவேக முறையை உருவாக்கிப் பரிசோதித்து வந்ததாகவும், அதன் முதல் வெற்றியே செவ்வாய்க்கிழமை அறிக்கை என்றும். அக்கா அடித்துக்கொண்டே படித்துக் காட்டினார். ‘வழிகாட்டுதலின்கீழ்’ வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“அடிங்க அக்கா.”

மே 22, திங்கள்

தலைமை அலுவலகம் மகிழ்ந்துவிட்டது. இனி தினமும் அறிக்கை. எல்லா மாவட்டங்களுக்கும் இதே முறை. ஆகட்டும் சார் மேடையில் உரை நிகழ்த்த வேண்டும்.

தூங்கும் வரியை இன்று அழித்தேன்.

ஜூன் 5, திங்கள்

உரை நடந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். “ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் நேரமாகும். எல்லாரையும் சேர்த்துக் கூப்பிடு. இதுதான் தத்துவம்” என்றார். அரங்கம் கைதட்டியது. எல்லாவற்றையும் விட்டுவிட்டார், ஆனால் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதில் அந்த இரண்டு வரிதான் மிச்சம் போலும்.

என் பெயரைச் சொல்லவில்லை. வலித்ததா? கொஞ்சம். அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறிப் போனவளின் பெயரையும் யாரும் சொல்லவில்லையே. கணக்கு சரி.

ஜூன் 21, புதன்

ஆகட்டும் சாருக்குப் பதவி உயர்வு, தலைமை அலுவலகத்துக்கு மாற்றல். புது அதிகாரி வரும்வரை பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. வீட்டில் மாமியார், “இனிமே உனக்கு மேல ஆரு?” என்று கேட்டார். இந்த முறை நிஜமாகவே கேட்டார்.

ஜூன் 22, வியாழன்

என் மேஜையில் முதல் காகிதம்: அக்காவின் விண்ணப்பம். வியாழன்தோறும் மதியம் அனுமதி வேண்டும், அதற்குப் பதில் மற்ற நாட்களில் ஒரு மணி நேரம் முன்னால் வருகிறேன். காரணம்: நீச்சல்.

“வீட்டுல?”

“சொல்லிட்டேன். எல்லாரையும் உக்காரவச்சுச் சொன்னேன். அவர் ஒண்ணுதான் கேட்டாரு. தண்ணி குளிருமான்னு.” சிரித்தார். “இத்தனை வருஷம் இதுக்கா பயந்தேன்?”

கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாக எழுதியது.

ஜூலை 11, செவ்வாய்

பட்டியல் இன்றும் காலி. நாலைந்து நாளாகவே காலி.

ஒன்பதே முக்காலுக்குக் கொழுந்தன் போன். இப்போதெல்லாம் அவனே கூப்பிடுகிறான். “அண்ணி, இன்னிக்கு?” “ஒண்ணுமில்லப்பா.” “சரி” என்று வைத்துவிட்டான். காகிதம் கேட்பதில்லை.

பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். அடியில் நன்றாகப் பழகிய கையெழுத்து. தொடர்ந்து பல நாட்களாக அறிக்கையில் எதுவும் காணப்படாததற்கு, கிளினிக் வாரியாக, முந்நூற்று எண்பதுக்கும் தனித்தனியே விளக்கம் அனுப்ப வேண்டும்.

மதியம் வரை ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கிளினிக்: ஏரிக்கரை. வழக்கத்துக்கு மாறாக எதுவும் இல்லை. இரண்டாவது கிளினிக்: வழக்கத்துக்கு மாறாக எதுவும் இல்லை. மூன்றாவதைத் தொடங்கும்போது பேனாவை மூடி வைத்தேன்.

அக்காவைக் கூப்பிட்டு வாயால் சொன்னேன். அவர் அடித்தார்: ‘கிளினிக்: அனைத்தும். விளக்கம்: இந்த நாட்களில் யாருக்கும் வழக்கத்துக்கு மீறி உடம்புக்கு ஒன்றும் வரவில்லை.’

“இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுதான்.”

கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மணி மூன்றுகூட ஆகவில்லை.